மதிலில் காயும் துண்டு

"ஏழுமலைக்குச் சர்க்கரை தூக்கலாப் போட்டியா?" என்று கேட்டார் சௌந்தரபாண்டியன்.

"போட்டாச்சு. டம்ளரை விளிம்புல பிடிங்க, சுடும்," என்றாள் தமயந்தி.

"ஆவி பறக்குறது எனக்கே தெரியுதுடி."

சிரித்துக்கொண்டே டீயை வாங்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். ஒரு கையில் டம்ளர், மறு கையில் வேட்டி நுனி. சுவரைத் தொடவில்லை. தண்ணீர் லாரிக்காரனுக்குத் தன் கையால் டீ கொண்டுபோய்க் கொடுப்பதுதான் கொஞ்ச நாளாக அவருடைய பெரிய பெருமை. வெளியே லாரியின் மோட்டார் சத்தம் நின்றது. தமயந்தி அடுப்புப் பக்கம் திரும்பி, எண்ணெயில் ஒரு அப்பளத்தைப் போட்டாள். அது பொரிந்து விரிந்தது.

அப்போது டம்ளர் சிமெண்டுத் தரையில் விழுந்து உருளும் ஓசை கேட்டது. வழக்கமாக எது கை தவறினாலும் அவர் தன்னையே ஒரு வசவு திட்டிக்கொள்வார். அந்த வசவுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. ஏழுமலையின் அலறல்தான் வந்தது.

வாசல் தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின், சம்ப்பின், மூடி திறந்திருந்தது. விளிம்பில் தலை அடிபட்டு, நிறைந்த தண்ணீருக்குள் போய்விட்டார். ஏழுமலை குதித்துத் தூக்கியபோது மூச்சு இல்லை. முகத்தில் நிறைவிழிக் கண்ணாடி மட்டும் இறுக்கமாக மாட்டியபடி இருந்தது.

சௌந்தரபாண்டியன் சரக்கு ரயில் ஓட்டியவர். ஓய்வு பெறும் முன்பே நடுப்பார்வை போய்விட்டது. எதை நேராகப் பார்த்தாலும் அங்கே ஒரு சாம்பல் ஓட்டை. முகம் பார்க்க வேண்டுமென்றால் காதைப் பார்க்க வேண்டும். தமயந்தி ஓர் அச்சகத்தில் பிழைதிருத்தும் வேலை பார்த்தவள், ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்ணில் படும். அந்தக் கண்ணை வைத்து மடிப்பாக்கம் வீட்டை அவருக்காகத் திருத்தினாள். படி விளிம்புகளில் மஞ்சள் பட்டை, வெள்ளைக் குளியலறையில் கறுப்பு வாளி, கேஸ் அடுப்பின் திருகில் சிவப்பு நெயில் பாலிஷ் என்று வீடு நிறம் நிறமாக மாறியது.

அவர் தன் பங்குக்கு ஒன்று கொண்டுவந்தார். ரயில் எஞ்சினில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் சிக்னலைப் பார்த்து உரக்கச் சொல்வார். மற்றவர் தானும் பார்த்துவிட்டு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "கண்ணால பார்க்காததைத் திருப்பிச் சொல்லக் கூடாது தமயந்தி. அதைவிடப் பாவம் எஞ்சின்ல வேற கிடையாது," என்பார். அந்த வழக்கம் வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் வரும் நாளில் ஏழுமலை மூடியைத் தூக்கியதும் "சம்ப் தொறந்திருக்கு!" என்று கத்துவான். தமயந்தி ஜன்னல் வழியே பார்த்து "தொறந்திருக்கு!" என்பாள். காதில் விழுந்ததற்கு அடையாளமாக உள்ளே இருந்து இவரும் "தொறந்திருக்கு!" என்பார். ஏழுமலை சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை மூடிக்குக் குறுக்கே போடுவான். தெருவே கேட்டுச் சிரிக்கும். அவர் மேல் ஒரு சிராய்ப்பும் இருந்ததில்லை.

பிறகு நிறைவிழி வந்தது. கண்ணாடியைப் பொருத்த வந்த பையன் ரொம்ப மரியாதைக்காரன்.

"சார், உங்க கண்ணுல நடுவுலதானே ஓட்டை? அந்த இடத்துல இது படம் காட்டும். ஓரத்துல மிச்சம் இருக்கிற பார்வையோட அது ஒட்டிக்கும். முழுசாத் தெரியும்."

"கேமரா எப்பவும் ஓடுமா தம்பி?"

"ஓடினா சூடாயிடும் சார், பேட்டரியும் தாங்காது. அதனால ஆளு, நாய், வண்டி மாதிரி அசையுறதை மட்டும் நேரடியாக் காட்டும். சுவரு, தரை, கதவு எல்லாம் அசையாதுல்ல? அதை ஒரு தடவை பார்த்து மனசுல வெச்சுக்கும். ஏதாவது மாறியிருந்தா அந்தப் பக்கம் பார்த்து 'புதுசாப் பாரு'ன்னு சொல்லுங்க, போதும்." பையன் படிகளைப் பார்த்தான். "ஆனா இந்த மஞ்சப் பட்டையெல்லாம் எடுத்துடணும் அம்மா. அதைப் பார்த்தா கண்ணாடி குழம்பும்."

அவனே ஒரு தகட்டை வைத்துச் சுரண்டி எடுத்தான். பிறகு சௌந்தரபாண்டியன் கண்ணாடியோடு வீடு முழுக்கவும் வாசலிலும் நடந்து வந்தார். அன்று காலையில் அவர் குளித்துவிட்டுப் பிழிந்து போட்ட நீலக்கரை ஈரிழைத் துண்டு மதிலில் காய்ந்துகொண்டிருந்தது.

முதல் நாள் அவர் தமயந்தியின் முகத்தை நேராகப் பார்த்தார். "கிழவியாயிட்டடி," என்றார். இரண்டு பேரும் அழுதார்கள்.

சில நாளில் அவர் வாசலிலிருந்து கூப்பிட்டார். "ஏன்டி, துண்டை நேத்தே எடுத்தேன்ல?"

"கொடியில மடிச்சுக் கிடக்கு."

"இங்க மதில்ல இன்னும் காயுதே!" கையை நீட்டினார். கை துண்டுக்குள் புகுந்து சுவரில் இடித்தது. "புதுசாப் பாரு" என்றால் துண்டு மறைந்தது, மறுநாள் மறுபடி வந்து தொங்கியது. வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனாலும் அவர் ரயில்காரர். கோளாறு தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். கம்பெனிக்குப் போன் செய்தார். "சின்ன விஷயம் சார், மேல சொல்லிடுறோம்," என்றார்கள்.

தெருவும் மாறியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையசைத்துக்கொண்டு போகிற மனிதரைப் பார்த்து யார் இனி "பார்த்துப் போங்க" என்பார்கள்? ஏழுமலையின் குரல் நின்றது. சிவப்பு நாற்காலி மொட்டை மாடிக்குப் போனது.

அவர் விழுந்த அன்று ஏழுமலை சம்ப் ஓரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "குழாயைச் சுருட்டி லாரியில போட்டுட்டு மூடலாம்னு திரும்பினேம்மா. சாரு என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே வந்தாரு. நேராப் பார்த்துச் சிரிச்சாரும்மா! அவருக்குத்தான் கண்ணு வந்துடுச்சேன்னு…"

அவனை மன்னிப்பது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. மன்னிக்க முடியாதவன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு வந்தான். நிறைவிழியை உண்டாக்கிய நிரஞ்சன். தொலைக்காட்சியில் பார்த்ததைவிட ஒல்லி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"மாறின இடத்தைப் பார்த்து அவர் 'புதுசாப் பாரு'ன்னு சொல்லியிருக்கணும் அம்மா. அதை நாங்க தெளிவாச் சொல்லியிருக்கோம்."

"மாறியிருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

துண்டைப் பற்றி அவள் கேட்டாள்.

"அப்படி ஒரு புகார் என் காதுக்கு வரலையே," என்றான்.

விசாரணையும் அவர் 'புதுசாப் பாரு' சொல்லாததையே குறை சொல்லி, விபத்து என்று முடித்தது.

அதன் பிறகு தமயந்தி அவனைப் பலவிதமாக விழ வைத்தாள். காய் நறுக்கும்போது அவன் லிப்ட் இல்லாத குழியில் விழுந்தான். துணி மடிக்கும்போது திறந்த சாக்கடையில் விழுந்தான். தொலைக்காட்சியில் அவன் மேடை ஏறினால் படியைத்தான் பார்ப்பாள். கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அங்கே போய்க் கேட்க அவளுக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது, அதை வாய்விட்டுக் கேட்க முடியாது.

பிழைப்புக்காக அல்ல, சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்பதற்காக, கண் மங்கியவர்களின் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தாள். மஞ்சள் பட்டைகளோடு ஒரு பை. எந்த வீட்டில் நிறைவிழி சுரண்டிவிட்டுப் போயிருந்ததோ அங்கே மறுபடி ஒட்டினாள். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கூவலையும் கற்றுக்கொடுத்தாள். ஒரு கண் டாக்டர் அவள் எண்ணைப் பலருக்குக் கொடுத்தார். அப்படித்தான் கடற்கரைச் சாலைப் பக்கத்திலிருந்து மிருதுளா என்ற பெண் கூப்பிட்டாள்.

பெரிய வீடு. உள்ளே மாடிக்குப் போகும் படிகள் பளபளக்கும் கறுப்புக் கிரானைட். மிருதுளாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தமயந்தியின் காதைப் பார்த்து, "வாங்க ஆன்ட்டி, காபியா டீயா?" என்றாள். காதைப் பார்த்துப் பேசும் மனிதர் ஒருவர் தமயந்தியின் வீட்டிலும் இருந்தார்.

கூவும் முறையைச் சொல்லிக்கொடுத்தபோது மிருதுளா குதூகலித்தாள். "அதாவது நான் 'தரை'ன்னு கத்துவேன். நீங்களும் பார்த்துட்டு 'தரை'ன்னா நான் நடக்கலாம். 'படி'ன்னா இறங்கணும். எங்க வீட்டுக்காரர் இதைக் கேட்டா ரயில்வே ஸ்டேஷன்னு ஓடிடுவார்."

"அவருக்கு என்ன வேலை?"

"நிறைவிழி நிரஞ்சன் ஆன்ட்டி. டிவியில பார்த்திருப்பீங்களே."

தமயந்தி கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள். மெதுவாக வைத்தாள். "அப்ப நீங்க அந்தக் கண்ணாடி போடலையா?"

"வெளியில, படம் பிடிக்க வந்தா, போடுவேன். வீட்டுக்குள்ள கூடாதுன்னுட்டார். அது ஒரு கதை. யாரோ ஒரு பெரியவர் கம்பெனிக்குப் போன் பண்ணியிருக்கார். மதில்ல போட்ட துண்டை எடுத்த பிறகும் கண்ணாடியில துண்டு காயுதாம். இவர் சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். அப்புறம் திடீர்னு சிரிப்பு நின்னுடுச்சு. சோத்துலயே கையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் என் கண்ணாடியை வாங்கி டப்பாவில பூட்டிட்டு, படியெல்லாம் அவர் கையாலயே மஞ்சப் பட்டை ஒட்டினார். கோணல் மாணலா! அதெல்லாம் பிஞ்சுபோச்சு, அதான் உங்களைக் கூப்பிட்டேன்." அவள் சிரித்தாள். "அந்தத் துண்டுத் தாத்தா நல்லா இருக்கணும்."

தமயந்தி பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

அவனுக்குத் தெரியும். துண்டு காய்ந்தபோதே தெரியும். தன் வீட்டுப் படிக்குப் பட்டை ஒட்டிவிட்டு, ஊரார் வீட்டுப் பட்டையைச் சுரண்ட ஆள் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறான்.

மேல்படியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பழைய பட்டையின் மிச்சத்தை நகத்தால் உரித்துத் துடைத்தாள். புதுப் பட்டையை இழுத்தாள். மேல்படியை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த படியின் விளிம்பில் ஒட்டினாள். கறுப்பின் மேல் கறுப்பு. மஞ்சள் வரும்வரை தரை என்று நம்பும் கண்ணுக்கு, தரை முன்பே முடிந்துவிட்டது தெரியாது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். இனி அவனும் ஓடிவந்து ஒரு உடம்பைத் தூக்கட்டும். யாரோ வந்து அவனிடம், பட்டையை அவள் கவனித்திருக்கணும் என்று தாழ்ந்த குரலில் சொல்லட்டும். அவள் படிகளில் இறங்கிக் கீழே வந்து நின்றாள்.

மிருதுளா பின்பக்கத்து லிப்டில் ஏறி, மாடிக் கூடத்திலிருந்து நடந்து வந்தாள். "ஒட்டியாச்சா ஆன்ட்டி? சோதனை பண்ணலாமா?" கழுத்தைச் சாய்த்து ஓரப் பார்வையால் கீழே பார்த்தாள். மஞ்சள் தெரிந்தது. முகம் மலர்ந்தது. பள்ளிப் பிள்ளை மாதிரி உரக்கக் கத்தினாள்.

"தரை!"

நின்றாள். பதிலுக்குக் காத்திருந்தாள்.

தமயந்தி வாயைத் திறந்தாள். ஒரே ஒரு சொல். சொன்னால் போதும். அத்தனை நாளாக வாய்விட்டுக் கேட்க முடியாத வேண்டுதல் அந்த ஒரு சொல்லில் இருந்தது. ஆனால் நாக்கு அந்தச் சொல்லை எடுக்க மறுத்தது. எத்தனையோ வருஷம் ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்துத் திருப்பிச் சொன்ன நாக்கு. பார்க்காததைச் சொல்லிப் பழகாத நாக்கு.

"படி!" என்று கத்தினாள். "நில்லு! படி!"

மிருதுளாவின் கால்விரல்கள் விளிம்புக்கு வெளியே இருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஆன்ட்டி, மஞ்சள் அங்கதானே இருக்கு?"

"தப்பா ஒட்டியிருக்கேன்."

"தப்பாவா?"

"இல்ல. தெரிஞ்சேதான் ஒட்டினேன்." தமயந்தி நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். "துண்டுத் தாத்தா என் வீட்டுக்காரர்."

மிச்சத்தையும் சொன்னாள். சம்ப், டீ, டம்ளர் உருண்ட சத்தம், தாழ்ந்த குரலில் பேசியவன், எல்லாம். மிருதுளா மேல்படியில் உட்கார்ந்து கேட்டாள்.

"நான் விழுந்தா அவர் அழுவார்னு நினைச்சீங்களா?"

"ஆமா."

"அழுவார்தான்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குரல் மாறியிருந்தது. "என்கிட்ட மன்னிப்பு கேட்காதீங்க, நான் இப்ப அதுக்குத் தயாரா இல்ல. முதல்ல வந்து அந்தப் பட்டையைச் சரியா ஒட்டுங்க. அப்புறம் நான் அவரைக் கூப்பிடுறேன்."

நிரஞ்சன் வந்தபோது படிகள் அத்தனையிலும் மஞ்சள் நேர்கோடாக ஓடியது. மாடிக்கு ஏறி வந்தவன் தமயந்தியைப் பார்த்ததும் நின்றான். "நீங்க…"

"துண்டு வீட்டுக்காரி," என்றாள் அவள்.

"அம்மா, அது ஒரு விபத்து. விசாரணையிலேயே…"

"பேச வேணாம்," என்றாள் மிருதுளா. டப்பாவிலிருந்து கண்ணாடியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இது நம்ம வீட்டை மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கு. போட்டுக்கிட்டு கேட் வரைக்கும் நடந்து போங்க. நீங்க செஞ்சதுதானே?"

"மிருது, என்ன இது விளையாட்டு?"

"ஒரே ஒரு இடத்தை மாத்தியிருக்கேன்," என்றாள் தமயந்தி. "இங்கேருந்து கேட்டுக்குள்ள எங்கேயோ."

யார் போட்டாலும் நடுவில் தெரிவது கண்ணாடி காட்டுவதுதான். அவனுக்கு அது எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். மாட்டிக்கொண்டான். தமயந்தி அவனுக்கு முன்னால் இறங்கிக் கீழே போய் நின்றாள். மேல்படிக்கு வந்து, "புதுசாப் பாரு" என்றான். ஒரு படி இறங்கினான். "புதுசாப் பாரு." இன்னொரு படி. "புதுசாப் பாரு."

"ஒவ்வொரு படிக்கும் சொல்றீங்களே," என்றாள் மிருதுளா மேலேயிருந்து. "அவர் எந்தப் படிக்குச் சொல்லியிருக்கணும்?"

அவன் மறுபடி "புதுசாப் பாரு" என்றான். பாதிப் படியில் கண்ணாடியின் காம்பு சூடேறி, அவன் நெற்றிப்பொட்டு சிவந்தது. கண்ணாடியே பேசியது. இனிமையான பெண் குரல், அவனே தேர்ந்தெடுத்த குரலாக இருக்கும்: "சூடு தணியும்வரை நினைவிலிருந்து காட்டுகிறேன்."

நிரஞ்சன் நின்றுவிட்டான்.

ஒரு கை கம்பியை இறுக்கியது. மறு கை காற்றில் தேடியது. வலது காலை நீட்டி, கட்டைவிரலால் அடுத்த படியைத் துழாவினான். கண்டுபிடித்தான். அதன் பிறகும் எடையை வைக்கவில்லை. தன் சொந்த வீட்டில், தினமும் ஓடி இறங்கும் படியில், வியர்வை காதோரமாக வழிய நின்றான். தமயந்தி கண் கொட்டாமல் பார்த்தாள். அத்தனை நாளாக அவனை எப்படியெல்லாமோ விழ வைத்தவளுக்கு, அவன் விழாமல் நிற்பது இவ்வளவு இனிக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. சௌந்தரபாண்டியன் ஒரு தடவைகூட இப்படிக் காலால் தேடியதில்லை. அவர் இவனை நம்பினார்.

"படி!" என்று மேலிருந்து மிருதுளாவின் குரல் வந்தது.

"படி!" என்றாள் தமயந்தி.

மஞ்சளைப் பார்த்துப் பார்த்து, கணவனை உரசிக்கொண்டு, மிருதுளா இறங்கிக் கீழே போனாள். அவள் போன பிறகு அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்தான்.

கேட்டருகே மிருதுளா கேட்டாள். "எந்த இடத்தை மாத்தினீங்க ஆன்ட்டி?"

"எதையும் மாத்தலம்மா."

மறுவிசாரணை வந்தது. சாப்பாட்டு மேசைச் சிரிப்பை மிருதுளா ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். நிறைவிழி விற்பனை நின்றது. கம்பெனி கை மாறியது. பட்டையைச் சுரண்டிய பையன்களையே பட்டை ஒட்ட அனுப்பினார்கள். மிருதுளா தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. ஒரு நாள் நிரஞ்சன் மட்டும் மடிப்பாக்கத்துக்கு வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். இன்னும் ஒல்லியாகியிருந்தான்.

"உள்ள வந்து ரெண்டு வார்த்தை பேசலாமா அம்மா?"

"சம்ப் தொறந்திருக்கு," என்றாள் தமயந்தி. "அங்கேயே நில்லுங்க."

அவன் எட்டிப் பார்த்தான். சம்ப் மூடித்தான் கிடந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அவள் கதவைச் சாத்தினாள். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அடுத்த தண்ணீர் நாளில் லாரி வந்தது.

"சம்ப் தொறந்திருக்கு!" என்று கத்தினான் ஏழுமலை. சிவப்பு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். "தொறந்திருக்கு!" என்றாள். மூன்றாவது குரலுக்கு விட்டிருந்த இடைவெளியை ஏழுமலையும் விட்டான். பிறகு மோட்டாரைப் போட்டான்.

அலமாரியிலிருந்து அவருடைய கண்ணாடியை எடுத்தாள். விசாரணைக்காரர்கள் திருப்பிக் கொடுத்தது. இத்தனை நாள் தொட்டதில்லை. சார்ஜ் ஏற்றி, முகத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஏழுமலை நேரடியாகத் தெரிந்தான், வியர்வையோடு. தண்ணீர் கொட்டும் ஓசை காதை அடைத்தது. ஆனால் குழாய் இறங்கியிருந்த இடத்தில் சிமெண்டுத் தரையும் மூடிய மூடியும் உலர்ந்து கிடந்தன. நாற்காலி இல்லை.

மதிலில் நீலக்கரைத் துண்டு தொங்கியது. கண்ணாடி பொருத்திய அன்று காலை அவர் பிழிந்தது. நுனியில் ஈரம் அப்படியே இருந்தது.